முப்பத்தோராம் நாள் புத்தகம்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், முப்பத்தோராம் நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு புத்தகம் வெளிவரும். விடியற்காலையில் கீரிமலைக் கடலில் அஸ்தி கரைத்து, அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீட்டுக்கிருத்தியமும் ஆகி, மதியபோசனத்துக்கு வந்தவர்கள் கைகழுவிப் புறப்படும் நேரம் வாசலில் ஒரு பிள்ளை நின்று ஆளுக்கொரு புத்தகம் நீட்டுவான். அட்டையில் இறந்தவரின் படம். அதன் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு திகதிகள். உள்ளே முப்பதோ நாற்பதோ பக்கங்கள். அச்சில் ‘நினைவுமலர்’ என்றுதான் இருக்கும். ஊர்ச்சனம் அதைக் கல்வெட்டு என்று சொல்லும்.

என் அப்பா தமிழாசிரியர். வடமராட்சியில் எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் யார் இறந்தாலும் கல்வெட்டுப் பாட்டுக்கு அவரிடம்தான் வருவார்கள். அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, நல்லெழுத்தில் படியெடுப்பது என் வேலை. அப்பாவின் கல்வெட்டை நான்தான் எழுதவேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். “ரீச்சர், ஐயாவுக்கு ஒரு கல்வெட்டு எழுதித் தரவேணும்” என்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலையிலிருந்து எனக்கு ஓய்வில்லை.

நவீன இலக்கிய விமர்சகர்கள் கல்வெட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. கூலிப்பாட்டு, ஒரே அச்சில் வார்த்தது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு சமூகம் அரசனுக்கும் புலவனுக்கும் மட்டுமின்றி, கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத அம்மம்மாவுக்கும் தலைக்கொரு புத்தகம் அச்சிடுகிறது. இது எல்லா ஊரிலும் நடக்கிற காரியமல்ல.

புத்தகத்தின் உள்ளே

பிள்ளையார் துதியோடு தொடங்கும். அடுத்தது திதி வெண்பா. பிறகு வாழ்க்கை வரலாறு: எந்த ஊரில், யாருக்கு எத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தார், எங்கே படித்தார், என்ன உத்தியோகம், யாரை மணந்தார், பிள்ளைகள் யார், மருமக்கள் எந்த ஊர். அதன் பின் புலம்பல்கள் வரிசையாக வரும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல். பின்பகுதியில் தேவாரமும் சிவபுராணமும் கந்தசஷ்டி கவசமும் இருக்கும். சிலர் வம்சாவழியை மரம்போல வரைந்து சேர்ப்பார்கள். கைவைத்தியக் குறிப்பும் நீரிழிவுக்காரருக்கான சாப்பாட்டு அட்டவணையும் போட்ட கல்வெட்டுகள் என் அலுமாரியில் இருக்கின்றன. வீட்டில் பயன்படுகிற புத்தகத்தை யாரும் எறியமாட்டார்கள் என்பது அதன் பின்னால் உள்ள கணக்கு. கடைசிப் பக்கம் நன்றி நவிலல். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவர் வரை அதில் இடம்பெறுவார்கள்.

இவ்வளவிலும் மிக வறட்சியானது திதி வெண்பா. அழுகை, உவமை எதற்கும் அதில் இடமில்லை. நான்கு அடி. முதல் மூன்று அடிகளில் நந்நான்கு சீர், கடைசி அடியில் மூன்று. இதற்குள் வருடம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, ஆளின் பெயர், ஊர், அவர் சிவபதம் அடைந்த செய்தி எல்லாவற்றையும் தளை தட்டாமல் அடக்க வேண்டும். விபவ, சுக்கில போன்ற வருடப் பெயர்கள் சொன்ன இடத்தில் உட்காரும். ஏவிளம்பி வருடத்தில் இறந்தவர்கள் எனக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுத்தார்கள். கனடாவின் ஸ்காபரோவில் காலமானவரின் ஊரையும் வெண்பாவில் போடச்சொல்லி மகன் கேட்டபோது, பிறந்த ஊரே போதும் என்று சமாளித்தேன்.

ஏன் வெண்பா? ஆண்டுதோறும் திவசம் செய்வதற்குக் குடும்பத்துக்குத் தேவை மாதமும் பிறையும் திதியும். வீட்டுக்கு வீடு கலண்டர் தொங்காத காலத்தில் அதை மனத்தில்தான் வைத்திருக்க வேண்டும். உரைநடையில் சொன்னால் நாலு வருடத்தில் தசமி ஏகாதசி ஆகிவிடும். வெண்பாவில் ஒரு சொல் மாறினால் பெரும்பாலும் தளை கெட்டுவிடும், காது பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிழை புகாமல் காக்கும் பூட்டு அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கணக்கு. 12 பாகைக்கு ஒரு திதி. இப்படி 30 திதி போனால் ஒரு சந்திர மாதம். சந்திரனின் ஓட்டம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி ஏறக்குறைய 19 மணித்தியாலத்திலும் முடியலாம், 26 மணித்தியாலம் வரையும் நீளலாம். அதனால்தான் நான் முதலில் கேட்பது உயிர் பிரிந்த நேரம். கனடாவில் திங்கட்கிழமை இரவு போன உயிருக்கு இங்கே செவ்வாய்க்கிழமை காலை. திகதி இரண்டாகிவிடும். ஆனால் அந்தக் கணத்தின் கோணம் பூமி முழுவதற்கும் ஒன்றுதான், திதி மாறாது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில நாட்களில் முரண்படும். எந்தப் பஞ்சாங்கம் என்பதை அந்தந்த வீட்டுக் குருக்களிடம் விட்டுவிடுவேன்.

நிலவை வைத்து நாள் குறித்தவர்கள்

கல்வெட்டை இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்களுக்கு நான் காட்டுவது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பறம்பு மலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டு வீழ்த்திய பின் அவன் மகளிர் பாடியதாகச் சொல்லப்படுவது. ஐந்தே அடி. பாரி எவ்வளவு கொடுத்தான், எப்படிப்பட்ட வீரன் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. போன முழுநிலவு நாளில் தந்தையும் மலையும் தங்களுக்கு இருந்ததையும், இந்த முழுநிலவு நாளில் இரண்டும் இல்லாததையும் சொல்லிவிட்டு அந்தப் பெண்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். வகுப்பில் இந்தப் பாட்டைச் சொல்லி முடித்தால் பின்வாங்கில் இருக்கிற பெடியள்கூட ஒரு நிமிடம் பேசமாட்டார்கள். ஒரு நாளையும் அந்த நாளில் மாறிய இரண்டு விவரங்களையும் மட்டும் அந்தப் பாட்டு தருகிறது. நம் திதி வெண்பாவும் நிலவை வைத்தே நாள் குறிக்கிறது.

இறந்தவரை நினைந்து செயலற்று நிற்கும் பாட்டுகளைப் புறத்திணையில் கையறுநிலை என்று வகுத்தார்கள். அவற்றுள் நெஞ்சில் நிற்கும் எதை எடுத்தாலும் ஒரு சின்னப் பொருள் கையில் அகப்படும். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லைப்பூவைப் பார்த்து, இனி உன்னை யார் சூடப்போகிறார்கள், எதற்காகப் பூத்தாய் என்று கேட்கிறார். முதுபாலைத் துறையில் வரும் இன்னொரு பாட்டில் கணவனை இழந்த பெண் குயவனிடம் போய், தன்னையும் சேர்த்து அடக்கும் அளவுக்குத் தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். துயரத்தின் அளவை ஒரு பானையின் வாய் அகலத்தால் சொல்லிவிட்டாள்.

கல்லில் வெட்டியதும் இதே வழிதான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவரும் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. அதில் ஆளின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சாவுக்குக் காரணமான பூசல் இருக்கிறது. புகழ்மாலை கிடையாது. அந்தக் கல்லை நட்டவர்கள் என்னிடம் வந்து கேட்டிருந்தாலும் அதே மூன்றைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

யார் அழுகிறார்கள், யார் எழுதுகிறார்கள்

புலம்பல் பகுதியில்தான் கல்வெட்டு சறுக்குகிறது. ஐம்பது வருடக் கல்வெட்டுகளை அடுக்கி வைத்துப் படித்தால் எல்லாரும் அன்பின் உருவம், எல்லாரும் பண்பின் சிகரம், எல்லாருமே குலவிளக்கு. படத்தை மறைத்துவிட்டால் ஆளை அடையாளம் காண முடியாது. ஒருவரின் சாவுக்குப் பிறகு முதலில் செத்துப்போவது இந்த அடைமொழிகள்தான்.

இதைவிட எனக்கு உறுத்துவது மனைவி புலம்பல். அதைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தவர்கள் பெரும்பாலும் ஆண் புலவர்கள். என் அப்பாவும் எழுதினார், அழகாகவே எழுதினார். ஆனால் செத்தவீட்டில் அந்த மனைவி தன் வாயால் சொல்லி அழுத ஒப்பாரி வேறு. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி, கணவர் இறந்த அன்று, இறைக்கும் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டாமலே போய்விட்டீரே, வெங்காயத்துக்கு இனி யார் தண்ணி மாறுவது என்று சொல்லி அழுதார். ஈட்டுக்குப் போன காணியைச் சொன்னார். கலியாணத்துக்கு வராத மைத்துனரை, அவர் எதிரில் இருக்கும்போதே, இராகத்தோடு ஏசினார். அந்த மனிதரையும் அவர் வீட்டையும் அரைமணி நேரத்தில் முழுதாகக் கேட்டுவிட்டோம். முப்பத்தோராம் நாள் வந்த கல்வெட்டில் அதே மாமி, தெய்வமே, துணையே என்று விருத்தத்தில் மெலிதாக அழுதுகொண்டிருந்தார். மெஷினும் வெங்காயமும் ஈட்டுக்காணியும் எங்கும் இல்லை.

ஒப்பாரி அன்றோடு காற்றில் போகிறது, கல்வெட்டு அச்சில் நிற்கிறது. நின்றதில் ஆள் இல்லை, போனதில் ஆள் இருந்தார். இதைக் கண்ட பிறகு நான் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். இப்போது கல்வெட்டுக்கு வருகிறவர்களிடம், “கொப்பர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்பதில்லை. கேட்டால், “நல்ல மனிசன் ரீச்சர், ஒருதருக்கும் தீங்கு நினைக்காதவர்” என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, கோபம் வந்தால் என்ன செய்வார், சைக்கிளை எங்கே சாத்துவார், கறியில் எதை ஒதுக்கி வைப்பார், யாரோடு கதைக்காமல் இருந்தார் என்று கேட்கிறேன். முதலில் திகைப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அழுவார்கள். எழுதத் தக்க விவரங்கள் அந்த அழுகையோடுதான் வரும்.

பெண்களின் கல்வெட்டுக்கு இன்னும் தோண்ட வேண்டும். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இத்தனை பிள்ளைகளின் தாய் என்பதோடு வரலாறு முடிந்துவிடும். ஒரு அம்மாவைப் பற்றி இப்படி முடித்துவிட்டுப் பேரன் எழுந்தபோது, அவர் கையால் செய்ததில் இப்போது யாருக்கும் வராதது எது என்று கேட்டேன். ஒடியல் கூழ் என்றான். அவர் எந்த மீனைச் சேர்த்தார், எதைச் சேர்க்கவே விடமாட்டார் என்பதைக் குசினியில் இருந்த மருமக்களைக் கேட்டு எழுதி, வாழ்க்கை வரலாற்றிலேயே சேர்த்தோம். அந்தக் கல்வெட்டைத்தான் ஊரில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

போர்க்காலத்தின் திதிகள்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மின்சாரம் இல்லை, மை இல்லை, தாள் இல்லை. அப்போதும் கல்வெட்டு நிற்கவில்லை. கோடு போட்ட கொப்பித்தாளில் அடித்த கல்வெட்டுகள் என்னிடம் இருக்கின்றன. வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமாகி, கீரிமலைக்குப் போகும் வழி அடைபட்டிருந்த ஆண்டுகளில் அந்தியேட்டி வேறு துறைகளுக்கு மாறியது. புத்தகம் மாறவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியதால் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த நாட்களில் வழியிலும் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் இறந்த முதியவர்களுக்கு உரிய கிரியை நடக்கவில்லை. பல வருடம் கழித்து ஒருவர் தாயின் கல்வெட்டுக்காக என்னிடம் வந்தார். திகதி தெரியாது என்றார். தெரிந்தது இவ்வளவுதான்: தீபாவளி, அதையொட்டிச் சூரிய கிரகணம், அதற்குப் பிறகு மழையில் ஊர் விட்டது, போய்ச் சேர்ந்து சில நாளில் அம்மா போனது. அன்றைக்கு யார் யார் வந்துசேர்ந்தார்கள், எந்தக் கடை திறந்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நாளைப் பிடித்தோம். ஒக்டோபர் 24 கிரகணம் என்றால் அன்று அமாவாசை, ஆகவே அம்மா போனது வளர்பிறையில். யுவ வருடப் பஞ்சாங்கத்தில் திதி கிடைத்தது. வெண்பாவை வாசித்துக் காட்டியதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இனித் திவசம் செய்யலாம்” என்றார். தாயைப் புகழ்ந்து நான் எழுதிய பக்கங்களை அவர் அங்கே வைத்துப் படித்துப் பார்க்கவே இல்லை.

திதியே எழுத முடியாதவர்களும் இருக்கிறார்கள். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறகு மகனைக் காணாத ஒரு தாய் எனக்குத் தெரிந்தவர். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் போய் இருந்தார். இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைத் தர அரசு 2016இல் சட்டம் செய்தது. அதை எடுக்கச் சொல்லி உறவுக்காரர் சொன்னார்கள். கல்வெட்டும் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னபோதுதான் அவர் என் வீட்டுக்கு வந்தார். “திதி எழுதினால் நானே அவனைச் சாக்கொன்ற மாதிரி, ரீச்சர். அது வேண்டாம். ஆனால் அவனைப் பற்றி எழுதி வைக்கவேணும்” என்றார்.

சொல்லத் தொடங்கினார். திகதி, நேரம், இடம், என்ன நிறச் சேட்டு, எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்த வாக்குமூலம் அது. இறுதி நாளைத் தவிர மகனின் வேறெந்த நாளையும் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நான் என் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அவன் எதை ஒதுக்கி வைப்பான்? “பாவக்காய்” என்றார், உடனே. கணக்குப் பாடத்தில் வாங்கிய அடி, மாமாவின் மோட்டார்சைக்கிளைக் கேட்காமல் எடுத்தது, தங்கைக்குக் கட்டிக்கொடுத்த ஊஞ்சல் என்று பின்னேரம் வரைக்கும் போனது. அவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். பிறந்த திகதியோடு தொடங்குகிறது, திதி வெண்பா இல்லை, புலம்பல் இல்லை. அச்சுக்குப் போகவில்லை. அவர் அதை அடையாள அட்டைப் பிரதியோடு ஒரே பையில் வைத்திருக்கிறார்.

இனி வரும் கல்வெட்டு

இப்போது கல்வெட்டு கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறது. மகள் குரல்பதிவு அனுப்புவாள், நான் எழுதுவேன், வடிவமைப்பு கொழும்பில் நடக்கும், புத்தகம் இரண்டு நாட்டில் அச்சாகும். பேரப்பிள்ளைகளுக்காகப் பாதிப் பக்கம் ஆங்கிலத்தில். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் பழைய நினைவுமலர்களையும் மின்வருடி ஏற்றி வைக்கிறது. குப்பை என்று ஒதுக்கிய புத்தகங்களில்தான் ஆராய்ச்சி மாணவர்கள் இப்போது மலாயா ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு திரும்பியவர்களையும், மறைந்துபோன பள்ளிக்கூடங்களையும், ஊர் விட்டு ஊர் நடந்த சம்பந்தங்களையும் தேடுகிறார்கள். அவர்கள் புரட்டுவது வாழ்க்கை வரலாற்றையும் வம்சாவழியையும். புலம்பலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த வழக்கம் இல்லாத ஊரில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். இறந்தவரைப் பற்றி எழுதக் கவிஞராக இருக்கவேண்டிய தேவையில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் போதும். முப்பத்தொரு நாள் இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கவும் கூடாது. விவரம் தெரிந்த பெரியம்மாவும் பழைய சிநேகிதரும் எட்டாம் நாள் எட்டுச் செலவோடு தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். முப்பத்தோராம் நாள் திரும்பி வரும்போது அவர்களும் அன்பின் உருவம், பண்பின் சிகரம் என்று பேசத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே அந்த முதல் கிழமையிலேயே, பந்தலுக்குள் கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு கொப்பியும் பேனையுமாக உட்காருங்கள். சைக்கிளை எங்கே சாத்துவார் என்று கேளுங்கள். உயிர் பிரிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெண்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.